தண்ணீர் மேல் தப்பில்லை, மாஸ்டர்

உங்கள் ஊர்த் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை, மாஸ்டர். நல்ல தண்ணீர். மூன்று நாளும் குடித்தேன், குளித்தேன், தலைக்கும் விட்டுக்கொண்டேன். ஒரு முடி கூடக் கொட்டவில்லை.

போவதற்கு முன் கருத்துப் புத்தகத்தில் நாலு வரி எழுதிவிட்டுப் போங்கள் என்று சொன்னீர்கள். நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். வகுப்பறை சுத்தமாக இருந்தது. ஏப்ரன்களைத் துவைத்துத் தேய்த்து வைத்திருந்தீர்கள். கத்திகள் கூர்மை. கழிவறையில் சோப்பு இருந்தது. இத்தோடு நாலு வரி முடிந்துவிட்டது. ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பிளம்பர் சுத்தியலும் உளியுமாகப் பின்பக்கத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார். நேற்று நடந்ததற்குத் தொட்டித் தண்ணீர்தான் காரணம் என்று நீங்களாகவே முடிவுகட்டி, அதை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறீர்கள். அதனால் மேலும் ஒரு பக்கம் எழுத வேண்டியதாகிவிட்டது.

நேரம் இருக்கிறது. டாக்ஸி பதினோரு மணிக்குத்தான். என் வீட்டுக்காரர் விடுதி அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறார். அவர் அடுக்கினால் ஒரு மணி நேரம் ஆகும். சட்டைக்கும் சட்டைக்கும் நடுவில் ஓரம் சரியாக வரவில்லை என்றால் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பிப்பார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கெட்டவள் இல்லை. இருபத்தேழு வருடமாக ஒரே மனிதருக்கு மூன்று வேளையும் சமைத்துப் போடுகிறவளுக்குக் கெட்டவளாக இருக்க நேரம் ஏது? என் சமையல் எங்கள் சொந்தத்தில் பிரசித்தம். ருசிக்காக என்று சொல்ல மாட்டேன், எனக்குத் தற்பெருமை பிடிக்காது. ஆனால் என் நாத்தனார் எந்த விசேஷத்துக்கு வந்தாலும், நாலு பேர் நடுவில், தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வாக்கியம் சொல்வாள்: “அண்ணி மட்டும் இல்லன்னா எங்கண்ணன் பட்டினிதான்.” எல்லாரும் தலையாட்டுவார்கள். என் வீட்டுக்காரரும் தலையாட்டுவார். மற்றவர்கள் நகையைப் பத்திரப்படுத்துவார்கள். நான் அந்த வாக்கியத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.

அவர் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். வரைபடம் வரைகிறவர். இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார். “அப்பா ரிட்டயர் ஆகுறதுக்குள்ள ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்கம்மா. சும்மா கடலப் பாத்து உக்காராம ஏதாவது கத்துக்கிட்டு வாங்க” என்று மகள் உங்கள் வகுப்பில் இடம் பிடித்துக் கொடுத்தாள். மூன்று நாள் இத்தாலியச் சமையல், அவரவர் கையாலேயே செய்து பார்க்கும் வகுப்பு என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. நான் சிரித்துக்கொண்டேன். நான் செய்வேன், அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பார், சாப்பிடுவார், திரும்பி வருவோம். அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் நீங்கள் அவருக்கும் ஒரு ஏப்ரனைக் கொடுத்துவிட்டீர்கள். இதில் உங்கள் பங்கும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன், குற்றம் சாட்டவில்லை.

முதல் நாள் நினைவிருக்கும். பளிங்குமேசையில் ஆளுக்கு ஒரு குவியல் மாவு, நடுவில் குழி, குழிக்குள் முட்டை. நானும் அவரும், தனியாக விடுமுறைக்கு வந்த பல் டாக்டரம்மா, அப்புறம் அந்தப் புதுசாகக் கல்யாணமான ஜோடி. பதினெட்டு வருடம் கப்பல் சமையலறையில் ஓர் இத்தாலியத் தலைமைச் சமையல்காரரிடம் கரண்டியால் அடி வாங்கிக் கற்றுக்கொண்டதாகச் சொன்னீர்கள். “மாவு காது மடல் மாதிரி இருக்கணும். காதத் தொட்டுப் பாருங்க, மாவத் தொட்டுப் பாருங்க, ரெண்டும் ஒண்ணா இருந்தா நிறுத்துங்க” என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் எல்லார் காதிலும் மாவு. ஜோடி மட்டும் ஒருவர் காதை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் மாவு அப்படியே கிடந்தது.

நீங்கள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். டாக்டரம்மாவின் மாவைத் தட்டிப் பார்த்து, “இத வெச்சு நீங்க பல்லு கட்டலாம்” என்றீர்கள். அவர் கூடச் சிரித்தார். அப்புறம் என்னிடம் வந்தீர்கள். என் மாவை ஒரு விரலால் அழுத்தினீர்கள். “அம்மா, நீங்க மாவோட சண்டை போடுறீங்க” என்றீர்கள்.

இருபத்தேழு வருடம், மாஸ்டர்.

பிறகு அவரிடம் போய் நின்றீர்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பிசைந்துகொண்டிருந்தார். தள்ளுவது, மடிப்பது, திருப்புவது, தள்ளுவது, மடிப்பது, திருப்புவது. நீங்கள் மாவைத் தொட்டீர்கள். உங்கள் காதைத் தொட்டீர்கள். மறுபடி மாவைத் தொட்டீர்கள்.

“சார், எந்த ஹோட்டல்ல வேலை பாத்தீங்க?”

“ஐயோ மாஸ்டர், நான் ஒரு டீ கூடப் போட்டதில்ல. எனக்குக் கை வராது. வேணும்னா எங்க வீட்டம்மாவக் கேளுங்க.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் புன்னகைத்தேன். அந்தப் புன்னகையை மதியச் சாப்பாடு வரைக்கும் இறக்கி வைக்க முடியவில்லை, தாடை வலித்துப்போய்விட்டது.

மதியம் மாவைத் தேய்த்து விரிக்கும்போது அடியில் செய்தித்தாளை வைத்துச் சோதித்தீர்கள். மாவின் வழியாக எழுத்து தெரிய வேண்டும் என்பது உங்கள் கணக்கு. என்னுடையதில் தலைப்புச் செய்தி கூடத் தெரியவில்லை. அவருடையதில் இரங்கல் செய்தி தெரிந்தது. நீங்கள் மாவுக்கு மேலேயே குனிந்து, காலமானவரின் வயது முதல் வாரிசுகள் வரை சத்தமாகப் படித்துக் காட்டினீர்கள். எல்லாரும் கைதட்டினார்கள். செத்துப்போனவருக்காக ஒருத்தர் கூட ஒரு நிமிடம் வருத்தப்படவில்லை என்பதை நான் கவனித்தேன்.

‘கை வராது’ என்று அவர் சொன்னாரே, அது எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெரிய விஷயமும் இல்லை.

கல்யாணமாகி மூன்றாவது வாரம் எனக்குக் காய்ச்சல். அவர் அம்மாவும் தங்கையும் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அவர் சமையலறைக்குள் போய் எதையோ உருட்டினார். ஒரு ஆம்லெட்டோடு வந்தார். ஒன்றுதான். அதை நடுவில் வெட்டி, பாதி எனக்கு, பாதி அவருக்கு. நான் படுக்கையில் உட்கார்ந்தபடியே என் பாதியைச் சாப்பிட்டேன். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, மிளகு சரியாக விழுந்து, வாய் கசந்துகிடந்த காய்ச்சலிலும் தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது. முதல் ஆம்லெட்டே இப்படி என்றால், பத்தாவது ஆம்லெட் எப்படி இருக்கும்? அந்த வீட்டில் என்னைவிட அவர் அம்மாவுக்குச் சத்தம் அதிகம், அவர் தங்கைக்கு அதிகாரம் அதிகம். எனக்கென்று இருந்தது அந்த அடுப்படி ஒன்றுதான். அவர் எனக்கு மாத்திரை எடுக்கப் போன சமயம் எழுந்து போய், அவருடைய பாதியில் இரண்டு ஸ்பூன் உப்பை மடித்து வைத்தேன்.

அவர் வந்து ஒரு வாய் வைத்தார். முகம் மாறியது. “உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?” என்று கேட்டார். “எனக்கு ஒண்ணும் தெரியலைங்க, காய்ச்சல் வாய்தானே” என்றேன். அவர் என் காலியான தட்டைப் பார்த்தார். “எனக்குக் கை வராதும்மா” என்றார். நான் ஆறுதல் சொன்னேன். எல்லாருக்கும் எல்லாம் வராது, அதற்கென்ன இப்போது என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். அது உண்மையான ஆறுதல்தான், மனதாரச் சொன்னேன்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை. மகள் பிறப்பதற்குள் நாங்கள் தனிக்குடித்தனம் வந்துவிட்டோம், பிரசவத்துக்கு மூன்று மாதம் என் அம்மா வீட்டில் இருந்தேன். சாதம் வைக்கிற விதத்தைக் காகிதத்தில் எழுதிக் கேட்டார். அரிசி ஒன்றுக்குத் தண்ணீர் எட்டு என்று எழுதிவிட்டேன், கை தவறி. எட்டுக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன், அதுவும் கை தவறித்தான். மூன்று மாதமும் அவர் கரண்டியால் குடித்திருக்கிறார். மகளுக்குப் பத்து வயதானபோது அப்பாவுக்கு டீ போடச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று கிளம்பினாள். அன்றைக்குப் பால் ஏன் திரிந்தது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் எலுமிச்சம்பழம் இருந்தால் அப்படி ஆவது சகஜம்.

இப்போது தொட்டியில் முதல் அடி விழுந்த சத்தம் கேட்டது. சுருக்கமாக எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் தக்காளி சாஸ். “அவசரப்படாதீங்க, தக்காளியா மனசு வந்து கரையணும்” என்றீர்கள். நான் மூடி போட்டு, தீயைக் கூட்டி, இருபது நிமிடத்தில் முடித்துவிட்டேன். வீட்டில் அப்படித்தான் முடிப்பேன், யாரும் குறை சொன்னதில்லை. அவர் ஒன்றே முக்கால் மணி நேரம் கரண்டியோடு நின்றார். கோடு இழுக்கிற மனிதர் அல்லவா, நின்ற இடத்தில் நிற்பது அவருக்குப் பழக்கம். நீங்கள் ருசி பார்த்தீர்கள். உள்ளே போய், கப்பலிலிருந்து கொண்டுவந்த மரக்கரண்டியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்து, “இதுல கிண்டுங்க சார்” என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. உங்களை அடித்த கரண்டி அதுதானாமே.

மதியம் விடுதியில் தூங்கும்போது அவர் தலையணையைப் பிசைந்தார். தள்ளுவது, மடிப்பது, திருப்புவது. எழுந்ததும் முகம் கூடக் கழுவாமல் தங்கைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஏய், எனக்குச் சமைக்க வருது. மாஸ்டரே சொல்லிட்டாரு. ரிட்டயர் ஆனதும் வீட்ல சமையல் என் பொறுப்பு.”

“அடேங்கப்பா, நீயாண்ணே?” நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “அப்ப அண்ணிக்கு என்ன வேலை?”

“அவ ரெஸ்ட் எடுக்கட்டும்” என்றார் அவர்.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், மாஸ்டர். பொய் சொல்லவில்லை. காலையில் ஐந்தரை மணிக்கு எழுந்து அந்த வீட்டில் நான் எங்கே போய் நிற்பது? ஹாலில் ரெஸ்ட் எடுப்பதா? சோபாவில் உட்கார்ந்துகொண்டு, சமையலறையிலிருந்து வருகிற வாசனையை மோந்து பார்த்து, “என்னங்க ஆச்சா” என்று கேட்பதா? இனிமேல் நாத்தனார் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்ன வாக்கியம் சொல்வாள்? அவள் சொல்லப் போவது எனக்கு இப்போதே காதில் கேட்டது. “அண்ணன் மட்டும் இல்லன்னா அண்ணி பட்டினிதான்.”

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் உங்கள் வழக்கத்தைச் சொன்னீர்கள். கடைசி நாளில் ஆளாளுக்குத் தனியாக ஒன்று செய்ய வேண்டும். கை தேறியவர் யாராவது இருந்தால் அவருடைய ஏப்ரனைத் துவைக்காமல், மாவுக் கறையோடு சுவரில் ஆணியடித்து மாட்டுவீர்கள். ஆறு வருடத்தில் பதினொன்றுதான் மாட்டியிருக்கிறீர்கள். பன்னிரண்டாவது ஆணியைக் காலையிலேயே அடித்து வைத்திருந்தீர்கள். யாருக்காக என்று குழந்தைக்குக் கூடத் தெரியும்.

அவர் ரவியோலி செய்தார். சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கிற இரும்பு ஸ்கேலை எடுத்து, மாவை இரண்டு அங்குலச் சதுரமாக வெட்டினார். கீரையும் சீஸும் அளவாக உள்ளே வைத்து, விளிம்பை நனைத்து மூடினார். இருபத்து நான்கு. வரிசைக்கு ஆறு, நாலு வரிசை. நீங்கள் அதைப் புகைப்படம் எடுத்தீர்கள், சமைப்பதற்கு முன்னாலேயே. அவர் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். அப்போது நீங்கள், “வாங்க, எல்லாருமா போய்த் துளசி மாதிரி இருக்குற அந்த இலையப் பறிச்சிட்டு வரலாம்” என்று எல்லாரையும் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நான் மட்டும், “என் ஸ்பகெட்டித் தண்ணி பொங்கிடும்” என்று நின்றுவிட்டேன்.

என் கைப்பையில் எப்போதும் சமையல் சோடா ஒரு சின்ன டப்பாவில் இருக்கும். அவருக்கு வாயுத் தொல்லை உண்டு. வெளியூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நெஞ்சைக் கரித்தால் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த டப்பா இல்லாமல் நான் வாசற்படி தாண்டியதில்லை. என்னை மாதிரி ஒருத்தி கிடைக்க அவர் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

அவருடைய பாத்திரத்தில் ஒரு சிட்டிகை போட்டேன்.

நீங்கள் எல்லாம் இலையோடு திரும்பி வந்தீர்கள். அவர் ரவியோலியை ஒவ்வொன்றாக, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கினார். மூன்று நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை நிமிடத்தில் முதல் ரவியோலி வாயைத் திறந்தது. பிறகு எல்லாம் திறந்தன. தண்ணீர் பச்சையாகி, கஞ்சியாகி, மேலே நுரை வந்தது, நுரை விளிம்பு தாண்டி அடுப்பை அணைத்தது, மேசையில் வழிந்தது, ஜோடியின் செருப்பில் சொட்டியது. அவர் வடிகரண்டியை உள்ளே விட்டுத் தேடினார். வந்ததெல்லாம் வழவழவென்று ஏதோ. சோப்பு நுரையில் ஊறிய கைக்குட்டை மாதிரி இருந்தது.

ஒரு சிட்டிகைக்கு இவ்வளவு ஆகுமா என்று நீங்கள் கேட்பீர்கள். அனுபவசாலி. சரி, ஒரு ஸ்பூன்.

நீங்கள் கத்தினீர்கள், “இது மாவு இல்ல, இது தண்ணி! தண்ணி கெட்டுப்போச்சு!” பல் டாக்டரம்மா ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “இதுல சோடா வாசனை வருதே. எங்க கிளினிக்ல வர்ற வாசனை” என்றார். “உங்க கையில இருந்துதான் வரும் டாக்டர். தொழில் வாசனை எங்க போகும்?” என்றேன். பாவம், அவர் தன் விரல்களை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று தடவை கை கழுவினார். விடுமுறைக்கு வந்த இடத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கே கஷ்டமாக இருந்தது.

“தண்ணி இல்ல மாஸ்டர், தப்பு என் மேலதான். எனக்குக் கை வராதுன்னு அப்பவே சொன்னேன்ல” என்றார் அவர். வீணாக்கக் கூடாது என்று தட்டில் வாரிப் போட்டு, இருபத்து நான்கையும், அல்லது அதில் மிச்சம் இருந்ததை, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு முடித்தார். அன்றைக்கு முழுவதும் அவருக்கு வாயுத் தொல்லை வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

டாக்டரம்மாவுடையது கருகிவிட்டது. ஜோடி அடுப்பையே பற்ற வைக்கவில்லை. வாயில் வைக்கிற மாதிரி இருந்தது என் ஸ்பகெட்டி ஒன்றுதான். கொஞ்சம் கயிறு மாதிரி இருந்தாலும் மெல்ல முடிந்தது. ஆணியை வெறுமனே விட மனம் இல்லாமல் என் ஏப்ரனை வாங்கி மாட்டினீர்கள். கைதட்டியவர்களில் அவர்தான் பலமாகத் தட்டினார். “நான் சொல்லல? எங்க வீட்டம்மா கையே கை” என்று ஜோடியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஏப்ரனை இறக்கிவிடுவீர்களோ என்று யோசித்தேன். வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. ஆணி அடித்தாகிவிட்டது.

சுத்தியல் சத்தம் இப்போது நிற்காமல் கேட்கிறது. எழுந்து போய்ப் பிளம்பரிடம், “கொஞ்சம் நிறுத்துங்கப்பா” என்று சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்தால் எனக்குக் கோர்வை போய்விடும். தவிர, முழு உண்மையையும் எழுதி முடிக்காமல் எழுந்திருப்பது நியாயம் இல்லை. எனவே சொல்லிவிடுகிறேன்: டப்பா முழுவதையும் கொட்டினேன். அடியில் ஒட்டியிருந்ததைத் தட்டிக் கொட்டினேன். எல்லாம் அவருடைய நன்மைக்குத்தான். அறுபதை நெருங்குகிற மனிதர் தினமும் ஒன்றே முக்கால் மணி நேரம் அடுப்பு முன்னால் நின்றால் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? வரைபடம் வரைந்து களைத்த கண்ணில் வெங்காயம் படலாமா? அவர் ரெஸ்ட் எடுக்கட்டும்.

நான் அளவுக்கு மீறி எழுதிவிட்டேனோ என்று சந்தேகம் வந்து, மற்றவர்கள் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க இப்போது முந்தின பக்கத்தைத் திருப்பினேன். அவருடைய எழுத்து. பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேல் அச்சு மாதிரி எழுதியிருக்கிறார். நேற்று சாயங்காலம் ஸ்கேலை மறந்துவிட்டேன் என்று தனியாகத் திரும்பி வந்தாரே, அப்போது எழுதியிருக்க வேண்டும். நீங்கள் இன்னும் படிக்கவில்லை போலிருக்கிறது. படித்திருந்தால் பிளம்பரைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். அப்படியே இங்கே எழுதுகிறேன்.

‘மாஸ்டருக்கு வணக்கம். தண்ணீர் மேல் பழி போட வேண்டாம். தப்பு என் கையில்தான். கல்யாணமான புதிதில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது ஓர் ஆம்லெட் போட்டேன். உப்புக் கரித்து வாயில் வைக்க முடியவில்லை. ஆனால் அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் தன் பாதியை முழுக்கச் சாப்பிட்டாள். என் மனம் நோகக் கூடாது என்று தட்டையும் வழித்தாள். அப்படிப்பட்டவள். அன்றைக்குப் பிறகு அவள் சூடாக ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் ஆறிப்போனதைத்தான் சாப்பிடுவாள். இனிமேலாவது அவளை உட்கார வைத்துச் சூடாகப் பரிமாற வேண்டும் என்றுதான், மகளிடம் சொல்லி இந்த வகுப்பில் நானே இடம் பிடிக்கச் சொன்னேன். அவளுக்குத் தெரியாது. முடியவில்லை, பரவாயில்லை. அவளுடைய ஏப்ரனைச் சுவரில் பார்த்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. கரண்டியைத் தந்ததற்கு நன்றி.’

இரண்டு தடவை படித்தேன், மாஸ்டர். உங்கள் வகுப்பறையில் இப்போது வெங்காயம் எதுவும் இல்லை. ஆனாலும் எழுத்து கொஞ்சம் கலங்கித் தெரிகிறது, காகிதத்தில் ஈரம் பட்டிருந்தால் மன்னியுங்கள்.

அந்த ஆம்லெட் சூடாகத்தான் இருந்தது. நாக்கைச் சுட்டது. அதற்குப் பிறகு நாக்கைச் சுடுகிற மாதிரி நான் எதையும் சாப்பிடவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பின்பக்கம் பெரிதாக ஏதோ சரிந்த சத்தம். தண்ணீர் ஓடுகிறது. தொட்டி போய்விட்டது போலிருக்கிறது. பழைய தொட்டிதானே, எப்படியும் ஒரு நாள் கட்ட வேண்டியதுதான். வாசலில் அவர் இரண்டு பெட்டியையும் சுமந்துகொண்டு நிற்கிறார். “முடிஞ்சுதாம்மா? டாக்ஸி வந்துருச்சு. நல்லதா நாலு வார்த்தை எழுது, பாவம் மாஸ்டர்” என்கிறார்.

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரே சமைக்கட்டும். நானே கேட்கப் போகிறேன், “என்னங்க, எனக்கு ஒரு ஆம்லெட் போட்டுத் தாங்களேன்” என்று. உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவேன். அடுப்படிப் பக்கம் தலை வைத்துக் கூடப் பார்க்க மாட்டேன். இது சத்தியம். நீங்கள் சாட்சி.

டப்பா மட்டும் காலியாக இருக்கிறது. போகிற வழியில் ஒரு மளிகைக் கடை பார்த்து டாக்ஸியை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நிரப்பி வைத்துவிட்டால் நல்லது. அவருக்கு வாயுத் தொல்லை உண்டு.